தேயிலை மலையில் யாருக்குப் பங்கு?

இலங்கையின் ஊவா மாகாணத்துத் தோட்ட நிலங்களைப் பிரித்துக் கொடுக்கும் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு வழக்குகள் எதிரெதிரே வந்து நிற்கின்றன. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

முதல் வழக்கு சிங்களக் கிராமத்தாருடையது. 1818இல் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயப் படை வயலையும் குளத்தையும் அழித்தது. 1840ஆம் ஆண்டுச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் முடிக்கே சொந்தம் என்றது. ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குத் துரைமார் வாங்கிக் கோப்பி போட்டார்கள். 1869இல் இலைநோய் தொட்டுக் கோப்பி அழிய, தேயிலை வந்தது.

அடுத்தது, அந்த மலையைத் திருத்திய தமிழ்த் தொழிலாளருடையது. கான் வெட்டி, கல் அடுக்கி, கவ்வாத்து வெட்டி, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் இவர்கள். 1948இல் குடியுரிமை பறிபோனது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003இல்தான் அது சட்டமாகத் திரும்பியது. இதற்கிடையில் 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. மலை இத்தனை முறை கைமாறியும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவுக்கு ஓர் உறுதி எழுதப்படவில்லை.

முந்தி இருந்தவருக்கே மண் என்பார் உண்டு. ஆனால் கிராமத்தாரின் நிலத்தைப் பறித்தது முடியரசு. லாபம் கண்டவை கம்பனிகள். பறித்த சொத்தை வாரிசாகப் பெற்றது இன்றைய அரசு. கடன்பட்டவரை விட்டுவிட்டு, அதே அநியாயத்தில் சிக்கிய இன்னொருவரிடம் வசூலிப்பது அறமாகாது.

நிலமில்லாமை என்ன செய்யும் என்பதற்குச் சாட்சி உண்டு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே ஆபத்து இருப்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தது. எச்சரித்தும் லயத்து மக்கள் போகவில்லையே என்று பிறகு பேசினார்கள். எங்கே போவது? வேலையும் கூரையும் ஒரே தோட்டத்தின் பிடியில் இருக்க, தனக்கென்று ஒரு பேர்ச் மண்ணும் இல்லாத குடும்பம் அந்த எச்சரிக்கையை எப்படிக் கேட்டு நடக்கும்? நிலமின்மை இங்கே வறுமையோடு நிற்பதில்லை, ஆளையே கொல்கிறது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்துச் சரிவுகள் இடிந்து உயிர்களைக் கொண்டுபோயின.

தோட்டத் தொழிலாளருக்கான தனி வீட்டுத் திட்டத்தில் தரப்பட்ட ஏழு பேர்ச் ஒரு தொடக்கம், வரவேற்க வேண்டியதே. ஆனால் அது வீட்டுக்குப் போதும், பிழைப்புக்குப் போதாது. நிலத்தைத் துண்டாடினால் தேயிலை அழியும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் குறைவு: இலங்கைத் தேயிலையின் பெரும்பங்கை இன்று தருபவர்கள் சிறுதோட்ட உடைமையாளர்களே.

ஊவாவில் காடேறிக் கிடக்கும் தேயிலை நிலத்தை உல்லாச விடுதிகளுக்குக் குத்தகை விட அரசு அவசரப்படக் கூடாது. சரியாத மண்ணாகப் பார்த்து, பயிரிடும் அளவுக்கு, லயத்தில் இருப்பவருக்கும் நிலமிழந்த கிராமத்தாருக்கும் முதலில் உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும்.