எண்களில் பிறந்த மனிதன்

ஆயிரக்கணக்கானோரைப் பற்றிய எண்களைக் கொண்டு ஒரு மனிதனை உருவாக்க முடியுமா? இன்றைய வர்த்தக உலகம் அதைத்தான் செய்கின்றது. வாடிக்கையாளரின் வயது, வருமானம், வாங்கும் பொருள், வாங்கும் நேரம் யாவற்றையும் கணித்து, ஒத்தவர்களை ஒரு கூட்டமாக்கி, அக்கூட்டத்துக்கு ஒரு பெயரும் முகமும் கொடுக்கின்றனர். 'முப்பத்தைந்து வயது, இரு பிள்ளைகளின் தாய், எப்போதும் அவசரம்' என்று ஒருத்தி பிறந்துவிடுகிறாள். ஞானஸ்நானம் ஒன்றுதான் குறை! இம்முறையை 1999இல் தம் நூல் மூலம் பரப்பியவர் அலன் கூப்பர். பொருளைச் செய்பவன் தன் விருப்பத்தையே பிறர் விருப்பமாக எண்ணிவிடக் கூடாது என்பதே நோக்கம். நல்ல நோக்கந்தான்.

ஆனால், எண்கள் பெற்றெடுத்த அந்த மனிதன் எங்கே இருக்கிறான்? 1950இல் அமெரிக்க விமானப் படை 4,063 விமானிகளின் உடலை அளந்தது. அதுவரை விமானியின் ஆசனம் 'சராசரி விமானி'க்கென்றே அமைக்கப்பட்டு வந்தது. கில்பேர்ட் டானியல்ஸ் என்ற இளைஞர், உயரம், மார்பு, கை நீளம் முதலிய பத்து அளவுகளை எடுத்து, சராசரிக்குச் சற்று மேலும் கீழும் தாராளமாக இடம் விட்டே கணக்குப் பார்த்தார். பத்திலும் பொருந்தியவர் ஒருவர்கூட இல்லை! இல்லாத ஒருவனுக்காக ஆசனம் செய்து, இருந்தவர்களை அதில் இருத்தியிருந்தனர். அதன்பின்னரே ஆளுக்கேற்ப நகர்த்தக்கூடிய ஆசனங்கள் வந்தன.

அப்படியாயின் மனிதரை எண்ணுவதே பிழையா? தாவீது அரசன் மக்களை எண்ணிவிட்டு மனம் நொந்தான் என்பது உண்மை. மோசேயோ ஆண்டவரின் கட்டளைப்படியே எண்ணினார். நூறு ஆடுகளுள் ஒன்று காணாமற் போனதை மேய்ப்பன் எவ்வாறு அறிந்தான்? எண்ணியபடியாலன்றோ! அவன் எண்ணியது இல்லாததைத் தேடிப் போவதற்கு. நூறையும் கூட்டி வகுத்து ஒரு 'சராசரி ஆட்டை' அவன் கண்டிருந்தால், அது பட்டியிலேயே பத்திரமாக நின்றிருக்கும்; அவனும் நிம்மதியாக உறங்கியிருப்பான்.

கற்பனை மனிதனிடம் உள்ள பெரிய வசதி, அவன் நம்மை எதிர்த்துப் பேசமாட்டான் என்பதே. நம் பங்குகளிலும் அவன் நடமாடுகிறான். 'இக்காலத்து இளைஞன் இப்படித்தான்', 'நம் குடும்பங்களுக்கு மாலை ஆறு மணிதான் வசதி' என்று கூட்டங்களில் முடிவு செய்கிறோம். இரவு வேலைக்குப் புறப்படும் தாதியும், கணவன் வெளிநாட்டிலிருக்கத் தனியே மூன்று பிள்ளைகளைப் பார்க்கும் தாயும் அந்த ஆறு மணிக்கு வருவதில்லை. 'அவர்களுக்குப் பக்தி குறைவு' என்கிறோம். பங்கின் குடும்பப் பதிவேட்டில் அவர்கள் பெயரும் இருக்கிறது; வீட்டு விலாசமும் இருக்கிறது.