திறப்பு

(புதூர்நாட்டில் ஒரு மாலை நிகழ்த்திய ஆன்மீகச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்கள் முன்னோர் கதையை உங்களிடமே சொல்லத் துணிகிறேன். பிழை இருந்தால் பெரியவர்கள் திருத்துங்கள். காஞ்சிபுரத்துப் பெண்கள் ஏழு பேரைக் கங்குந்தி வேடர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மீட்கக் கிளம்பிய ஏழு ஆண்களும், “எங்களோடு வரும் நாய்கள் மட்டும் திரும்பி வந்தால், நாங்கள் செத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் கரையேறிவிட்டார்கள், நாய்கள் பாதி ஆற்றோடு திரும்பிவிட்டன. நாய்களைக் கண்டதும் வீட்டில் ஒப்பாரி. தாலி இறங்கியது, கருமாதியும் முடிந்தது. பிறகு உயிரோடு வந்து நின்ற ஆண்களுக்கு அவர்கள் வீட்டுக் கதவே திறக்கவில்லை. அதற்கப்புறம் அவர்கள் வந்து ஏறியதுதான் இந்த ஜவ்வாது மலை.

இது எந்த அளவுக்கு வரலாறு என்று வழக்காட நான் வரவில்லை. சொந்த வாசல் திறக்காத துயரத்தை ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறது. அந்தத் துயரம் தெரிந்த உங்களிடம் பாலஸ்தீனத்தைப் பற்றிப் பேச நீண்ட முன்னுரை தேவையில்லை.

1948-இல் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனியர் ஊரை விட்டுப் போக நேர்ந்தது. கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பி, வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனவர்கள் ஏராளம். திரும்ப விடவில்லை. நூற்றுக்கணக்கான ஊர்கள் தரைமட்டமாயின. கதவு போனது, சுவர் போனது, சாவி மட்டும் அகதி முகாமில் தாத்தாவிடமிருந்து பேரனுக்குக் கைமாறியது. சாவிக்கு அரபு மொழியில் ‘மிஃப்தாஹ்’ என்று பெயர். ‘திற’ என்ற வினையிலிருந்து பிறந்த சொல். அதே வேரிலிருந்துதான் இறைவனுக்கும் ஒரு திருநாமம் வந்தது: அல்-ஃபத்தாஹ், திறப்பவன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது இந்த வேரை அறிந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஆனால் சாவிக்கும் பக்திக்கும் உள்ள உறவை முதலில் எனக்குச் சொல்லித் தந்தவர் அரபு தெரியாத ஒரு தமிழ்ப் பாட்டி. இந்த மலைக்குக் கீழே, ஈழத்தமிழர் முகாம் ஒன்றில் இருந்தார். 1990-இல் வலிகாமத்திலிருந்து ஓடி வந்தவர். பத்தடி அறை. முருகன் படம், அதன் பக்கத்து ஆணியில் கறுத்துப்போன ஒரு இரும்புச் சாவி. அந்தியில் விளக்கேற்றியதும் முருகனுக்குச் சந்தனம் வைத்த விரலில் மிச்சம் இருந்ததைச் சாவிக்கும் வைத்தார். “என்ன பாட்டி இது?” என்றேன். “திறப்பு” என்றார். யாழ்ப்பாணத்தில் சாவியை அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு விளங்கச் சற்று நேரமானது. “கதவு இருக்கோ இல்லையோ தெரியாது தம்பி. திறப்பு என்னட்டத்தான் இருக்கு.”

போர்க்காலத்துப் பக்தி என்றால் எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வருகிறது. கேட்டது கிடைத்தால் நன்றி சொல்வது எளிது. குண்டு விழுந்த பிறகு என்ன செய்வது? 1995 ஜூலை 9-இல் யாழ்ப்பாணத்து நவாலியில் புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1999 நவம்பரில் ஈழத்து மடு மாதா கோயில் வளாகத்தில் எறிகணை விழுந்து ஏறத்தாழ 40 பேர். கும்பிடும் இடத்திலேயே சாவு. ‘கடவுள் எங்கே போனார்?’ என்று அந்தத் தாய்மார் கேட்டிருந்தால் அது நாத்திகம் இல்லை. அதுவும் பிரார்த்தனைதான், நெஞ்சில் அடித்துக்கொண்டு செய்யும் பிரார்த்தனை.

2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மடு மாதாவின் திருச்சொரூபத்தையே தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். 1670-இல் டச்சுக்காரர் காலத்து ஒடுக்குமுறைக்குத் தப்பி மாந்தையிலிருந்து மக்கள் சுமந்துவந்த அதே சொரூபம். மாதாவும் அகதி, பிள்ளைகளும் அகதி. கடவுள் எங்கே என்ற கேள்விக்கு அந்தப் பயணத்தைத் தவிர வேறு விடை என்னிடம் இல்லை. 2024 ரமலானில் காசாவின் ரஃபாவில், இடிந்து கிடந்த அல்-ஃபாரூக் பள்ளிவாசலின் அருகே மக்கள் வரிசையாக நின்று தொழுதார்கள். கூரை இல்லை, தொழுகைக்கு முகம் திருப்பும் கிப்லாத் திசை அப்படியே இருந்தது.

விடுதலை என்று மேடையில் முழங்குகிறோம். ஈழத்து இரணைதீவு மக்கள் அதைப் படகில் செய்து காட்டினார்கள். 1992-இல் தீவை விட்டு இடம்பெயர்ந்தவர்கள். கடற்படை அங்கே இருந்தது; போர் முடிந்த பிறகும் திரும்பிக் குடியேற வழியில்லை. 2017 மே மாதம் இரணைமாதா நகரில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஓராண்டு நெருங்கியும் பலனில்லை. 2018 ஏப்ரல் 23-ஆம் தேதி வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாங்களே கடல் தாண்டினார்கள். ஆயுதம் ஏதும் இல்லை. கரையேறியவர்கள் செபமாலை மாதா கோயிலுக்குப் போய் மன்றாடினார்கள். பிறகு அங்கேயே தங்கிவிட்டார்கள்.

ஒன்றை மறைத்தால் இந்தப் பேச்சு பாவமாகிவிடும். 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாண முஸ்லிம்கள் அத்தனை பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அந்தத் தாய்மாரும் வீட்டைப் பூட்டியிருப்பார்கள். அவர்கள் கையிலும் திறப்பு இருந்திருக்கும். அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். நவாலிக்கு அழுகிற கண் காத்தான்குடிக்கும் அழ வேண்டும். காசாவுக்குத் துடிக்கிற மனம், 2023 அக்டோபர் 7-இல் கொல்லப்பட்ட, பிணையாக இழுத்துச் செல்லப்பட்ட இஸ்ரேலியரின் வீடுகளுக்கும் துடிக்கட்டும். அதனால் பாலஸ்தீனியரின் உரிமை எள்ளளவும் குறையாது. தன் வாசலைக் கேட்கிறவன் அடுத்தவன் வாசலை அடைக்கச் சொல்லி இறைவனிடம் கேட்க முடியாது. திறப்பவன் என்றல்லவா அவனுக்குப் பெயர்!

அந்தப் பாட்டியிடம் விடைபெற்ற மாலை நினைவிருக்கிறது. பேத்தி முகாமில் பிறந்தவள். யாழ்ப்பாணத்தைக் கண்டதில்லை, பேச்சு முழுக்க நம் ஊர்ப் பேச்சு. காற்றில் ஆணியிலிருந்து சாவி விழுந்தது. “பாட்டி, சாவி விழுந்துடுச்சு” என்று எடுத்து நீட்டினாள்.

“திறப்பு” என்றார் பாட்டி, வாங்காமல்.

அந்தப் பிள்ளை ஒருமுறை கையில் இருந்ததைப் பார்த்தாள். “திறப்பு” என்று சொல்லிவிட்டு, எக்கி நின்று, அவளே அதை ஆணியில் மாட்டினாள்.