அருளா? கடனா?
யன்னற் கண்ணாடியில் மோதிய வளர்ப்புப் பறவையை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

துன்புறும் உயிருக்கு உதவுதல் நன்று என்பதில் கருத்து வேறுபாடு கொள்வோர் மிகச் சிலரே. ஆயின், அவ்வுதவி எத்தன்மையது என்ற வினா எழும்போது கருத்துக்கள் பிரிகின்றன. அது உதவுபவனின் உள்ளத்திற் சுரக்கும் அருளா? அன்றி, அவன் இறுத்தே தீரவேண்டிய கடனா? பெரிய நிகழ்ச்சிகளைக் கொண்டு இவ்வினாவை ஆராயும்போது அரசியலும் உணர்ச்சியும் இடையே புகுந்து தெளிவைக் கெடுப்பதுண்டு. சிறியதொரு நிகழ்ச்சி சில வேளைகளில் அதனை நன்கு விளக்கும். வீட்டினுள் வளர்க்கப்படும் பறவையொன்று கூட்டினின்று வெளிவந்து பறக்கையில் யன்னற் கண்ணாடியில் மோதி நிலத்தில் வீழ்கின்றது எனக் கொள்வோமாயின், வளர்த்தவர் அதற்கு ஆற்றவேண்டியது யாது? அதனை அவர் ஏன் ஆற்றவேண்டும்?

இவ்வினாவை எழுப்புதற்கு டிக்கோயா பொருத்தமான இடமாகும். ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4000 அடி உயரத்தில், காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டி அமைந்த இத்தேயிலைப் பிரதேசத்திற் கண்ணாடி யன்னலுக்கென ஒரு சமூக வரலாறு உண்டு. குளிரையும் காற்றையும் தடுத்து மலைக்காட்சியை மாத்திரம் உள்ளே விடும் பொருட்டுத் துரைமாரின் பங்களாக்களில் அகன்ற கண்ணாடி யன்னல்கள் பொருத்தப்பட்டன. அதே தோட்டத்தின் லயக் காம்பராக்களிலோ ஒரு கதவும், சிற்சில இடங்களில் ஒரு சிறு சாளரமுமே காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழியாயின. அங்கே பறவைக் கூடு இஸ்தோப்பிலே தொங்கியது; மோதுவதற்குக் கண்ணாடி இருக்கவில்லை. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியிற் கட்டப்பட்ட தனிவீடுகளின் வழியாகக் கண்ணாடி யன்னல் தொழிலாளர் குடும்பங்களுக்கும் உரியதாயிற்று. ‘லவ் பேர்ட்ஸ்’ என மக்கள் வழங்கும் சிறு கிளிகளை எவரும் வாங்கி வளர்க்கலாம். ஆகவே, ஒரு காலத்திற் பங்களாவுக்கே உரியதாயிருந்த இவ்விபத்து இன்று எவ்வீட்டிலும் நிகழத்தக்கது.

விபத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். கண்ணாடியைப் பறவை தடையெனக் காண்பதில்லை. கண்ணாடி தன்னை மறைத்து, அப்பாலுள்ள மரத்தையோ தன்மீது தெறிக்கும் வானத்தையோ காட்டுகின்றது. திறந்த வெளியென நம்பிய பறவை முழு வேகத்தோடு சென்று மோதுகின்றது. மனிதர்கூடக் கண்ணாடியைக் கண்ணாற் காண்பதிலும் பார்க்க, யன்னற் சட்டத்தைக் கொண்டும் பழக்கத்தைக் கொண்டும் உய்த்துணர்கின்றனர் என்பதே உண்மை. ஐக்கிய அமெரிக்காவில் 1970களிலிருந்து இத்துறையில் ஆய்வு நிகழ்த்திய பறவையியலாளர் டானியல் கிளெம், அந்நாட்டில் மாத்திரம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 கோடி முதல் 100 கோடி வரையான பறவைகள் கண்ணாடியில் மோதி இறக்கின்றன என 1990இல் மதிப்பிட்டார். 2014இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு அத்தொகையை 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை எனக் கணித்தது. நோயுற்றவையும் நலிந்தவையும் மாத்திரமன்றி, வலிமை மிக்க பறவைகளும் அவ்வாறே மடிகின்றன. ஆதலின் இதனைப் பறவையின் பேதைமை என்றோ ஊழ் என்றோ தள்ளிவிட இயலாது. மனிதன் ஆக்கிய பொருளொன்று, தன் இயல்பு காரணமாகவே, எங்கும் ஒரே விதமாக விளைக்கும் கேடு இது.

காட்டுப் பறவை மோதுதற்கும் வளர்ப்புப் பறவை மோதுதற்கும் இடையே அறவியல் நோக்கில் வேறுபாடுண்டு. காட்டுப் பறவை தன் வழியிற் செல்லும்போது மனிதனின் சுவர் குறுக்கிடுகின்றது. வளர்ப்புப் பறவைக்கோ தனக்கென ஒரு வழியே விடப்படவில்லை. ‘லவ் பேர்ட்ஸ்’ எனப்படுவனவற்றுட் பெரும்பாலும் காணப்படும் பட்ஜரிகர் என்னும் கிளி, அவுஸ்திரேலியாவின் வரண்ட சமவெளிகளிற் கூட்டங் கூட்டமாகப் பறந்து திரியும் இனமாகும். 1840இல் ஜோன் கூல்ட் என்னும் பறவையியலாளர் அதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். பின்னர் அது உலகெங்கும் கூட்டுப் பறவையாயிற்று. மலையகத்து வீடொன்றின் கூட்டிற் பிறந்த இக்கிளியின் உணவு, நீர், துணை, பறக்கும் வெளி யாவும் பிறர் தீர்மானித்தவை. இலங்கையின் காட்டுக் கிளிகள் பலவற்றைப் பொறுத்தவரை நிலைமை வேறு: 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவற்றுக்குப் பாதுகாப்பளித்துள்ளது, அவற்றைப் பிடித்துக் கூட்டிலடைத்தல் குற்றமாகும். அத்தகைய பறவை மோதி வீழுமாயின், அதனை அடைத்தவரின் பொறுப்பு இரு மடங்காகின்றது.

தமிழ் மரபில் இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க கதைகள் இரண்டுள்ளன. பருந்துக்கு அஞ்சித் தன்னிடம் அடைக்கலம் புகுந்த புறாவுக்காகத் தன் தசையை அரிந்து நிறுத்தவன் சிபி. புறாவின் துன்பத்துக்கு அவன் காரணனல்லன். பருந்தை ஏவியவனும் அவனல்லன். அவன் புறக்கணித்திருப்பினும் எவரும் அவனைக் குற்றவாளி என்றிரார். ஆதலின் அவன் செயல் தூய அருளாகும். மற்றையது பெரியபுராணத்திற் சேக்கிழார் விரித்துரைக்கும் மனுச்சோழனின் கதை. திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் ஆன்கன்று அகப்பட்டு இறந்தது. இளவரசன் அதனைக் கொல்ல எண்ணியவனல்லன். கன்றே துள்ளி வந்து தேர்க்காலிற் புகுந்தது. எனினும், தேர் யாருடையது என்ற வினாவினின்றும் மன்னன் தப்ப முயலவில்லை. அவன் விதித்த தண்டனை இக்காலத்தவர்க்கு ஏற்புடைத்தாகாமற் போகலாம். ஆயின் அவன் கொண்ட அடிப்படை வலிமையானது. எண்ணம் இன்மை குற்றத்தைக் குறைக்கலாம், பொறுப்பை அகற்றாது.

யன்னலில் மோதிய வளர்ப்புப் பறவை சிபியின் புறாவன்று, மனுச்சோழனின் கன்று. ஆயினும், அதனை எடுத்து ஆற்றுகின்றவர் தம்மைச் சிபியாகவே எண்ணிக்கொள்ளுதல் எளிது. அண்டை வீட்டாரும் அவரை இரக்கமுள்ளவர் எனப் புகழ்வர். யன்னலை அமைத்தவரும் கூட்டைத் திறந்தவரும் அவரே என்பது அப்புகழுரையில் மறைந்துபோகின்றது.

மேனாட்டு மெய்யியலாளர் சிலரின் கருத்துக்களும் ஈண்டு நோக்கத்தக்கன. 1789இல் வெளிவந்த தமது நூலில் ஜெரமி பெந்தாம், அறநெறிக் கணிப்பில் விலங்கு இடம்பெறுவதற்கு அதன் பகுத்தறிவன்று, துன்புறும் ஆற்றலே அளவுகோலாதல் வேண்டும் எனக் கொண்டார். இமானுவேல் கான்ட், விலங்குகள்பாற் கொடுமை காட்டுபவன் மனிதர்பாலும் கொடியவனாவான் என்பதனால் அவற்றின்பால் நமக்குள்ள கடமையை மறைமுகக் கடமை என்றார். இவ்விரு நோக்குகளிலும், குறித்த பறவைக்கும் குறித்த மனிதருக்கும் இடையே நிகழ்ந்தது யாது என்ற வரலாற்றுக்கு முதன்மை இல்லை. கிளேர் பாமர் 2010இல் வெளியிட்ட நூலில் இக்குறையை நிரப்ப முனைந்தார். மனிதர் தம் செயலினாலே தம்மைச் சார்ந்து வாழும் நிலைக்கு ஆளாக்கிய விலங்குகளுக்கு, காட்டுயிர்களுக்கு இல்லாத சிறப்புக் கடப்பாடுகள் உண்டு என்பது அவர் வாதம். சார்பு நிலையை உண்டாக்கியவனே அச்சார்பின் விளைவுகளையும் சுமத்தல் வேண்டும் எனும் இக்கருத்து மனுச்சோழனின் நெறிக்கு அயலானதன்று.

உதவி கடனெனின், அதன் அளவும் முறையும் மாறுபடுகின்றன. அருளாற் கொடுப்பவன் தன் உள்ளம் விரும்பியதைக் கொடுக்கலாம். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் பாடிய புலவர்கள், மயிலுக்குப் போர்வையாற் பயனில்லை என்பதை அறியாதாரல்லர். கொடைமடம் எனப் பெயரிட்டு அதனை அவர்கள் சிறப்பித்தனர். வள்ளலுக்குக் கொடைமடம் அழகாகலாம். கடன்பட்டவனுக்கு அது பொருந்தாது. கடனைப் பெறுவோனுக்குரிய நாணயத்திலேயே திருப்பித் தரல் வேண்டும். பறவைக்குத் தேவையானது யாதென அறியாமற் செய்யப்படும் உதவி, எத்துணை அன்பு கலந்ததாயினும், கடனைத் தீர்ப்பதில்லை. வள்ளுவரும் இன்னா செய்யாமை என்னும் அதிகாரத்திலேயே அறிவின் பயனைப் பிற உயிரின் துன்பத்தோடு இணைத்துப் பேசுகிறார் என்பது குறிப்பிடத்தக்கது.

மோதிய பறவைக்குத் தலையினுள் குருதிக் கசிவும் மூளை வீக்கமும் ஏற்படக்கூடும். அதனைக் கண்டதும் கையிலெடுத்து இறுகப் பற்றுதல், தடவிக் கொடுத்தல், அலகைத் திறந்து நீர் வார்த்தல், பறக்கின்றதா எனப் பார்க்க மேலே எறிதல் ஆகியன அன்பு மிகுந்தோர் உடனே செய்பவை. இவை யாவும் தீங்கானவை. பறவைக்கு மனிதர்க்குள்ளது போன்ற உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு அசைவதாலேயே அது மூச்சு விடுகின்றது. மார்பைச் சுற்றி இறுகப் பற்றிய கை அதன் மூச்சை நிறுத்திவிடலாம். மயங்கிய பறவையின் வாயில் வார்த்த நீர் மூச்சுக் குழலினுட் செல்லலாம். தடவும் கை, காயமுற்ற பறவைக்குக் கொன்றுண்ணும் விலங்கின் பிடியாகவே தோன்றலாம். மனிதருக்குரிய வலி மாத்திரைகள் நஞ்சாகலாம்.

செய்யத்தக்கது மிகச் சிறிதே. மெல்லிய துணியாற் போர்த்துத் தளர எடுத்து, காற்றுத் துளைகளிட்ட அட்டைப் பெட்டியில் மடித்த துணியின்மீது வைத்து, இருளும் அமைதியும் உள்ள இடத்தில் விடுதல் வேண்டும். மலைக் குளிர் தாக்காவண்ணம் இளஞ்சூடு தேவை. ஆயின் அடுப்பருகே வைக்கலாகாது. நன்கு தெளியும் வரை உணவும் நீரும் ஊட்டலாகாது. பூனையும், ஆவல் மிக்க பிள்ளைகளும் அணுகாது காத்தல் வேண்டும். சிறகு தொங்குதல், தலை ஒருபுறம் சாய்தல், மூக்கிற் குருதி, நிற்க இயலாமை என்பன தோன்றின் காலந் தாழ்த்தாது மிருக வைத்தியரை நாடல் வேண்டும். பறவைகள் தம் நோயை மறைக்கும் இயல்பின. ஆகவே தேறியதுபோற் காணப்படினும் ஒரு நாளேனும் அவதானித்தலும், இயலுமாயின் வைத்தியரிடம் காட்டலும் நன்று. டிக்கோயாவிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியே சென்றடையத்தக்க பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடமும் அதற்குரிய போதனா வைத்தியசாலையும் உள்ளன. அவ்வளவு தொலைவு செல்ல எல்லோராலும் இயலாது. இயலாதவர் அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்தியரின் ஆலோசனையையேனும் பெறலாம்.

இங்கு உதவி என்பது பெரும்பாலும் கையை விலக்கிக்கொண்டு காத்திருத்தலாகவே அமைகின்றது. இதுவே கடினமானது. செயலாற்றுகையில் உதவுபவரின் பதைப்பு தணிகின்றது. காத்திருக்கையில் அது தணிவதில்லை. பறவையின் நலத்துக்காகத் தம் பதைப்பைத் தாமே பொறுத்துக்கொள்ளல் இக்கடனின் ஒரு பகுதியாகும்.

கடன் அத்துடன் முடிவதுமில்லை. அதே கண்ணாடி நாளையும் அங்கேயே இருக்கும். பறவை வெளியே விடப்படும் நேரத்தில் திரைச்சீலையை இழுத்து மூடலாம். காட்டுப் பறவைகளின் பொருட்டுக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் இரண்டு அங்குல இடைவெளியிற் புள்ளிகளோ கோடுகளோ இடலாம். தனியொரு பருந்துருவை ஒட்டுவதாற் பயனில்லை என்பது ஆய்வாற் புலனாயிற்று. ஒருமுறை ஆற்றிவிட்டுக் காரணத்தை அவ்வாறே விட்டுவைப்பவர், அடுத்த விபத்துக்கு முன்னரே உடன்பட்டவராவார்.

இவ்விடத்தில் வலுவானதொரு மறுப்பு எழலாம். லயங்களில் மனிதரே இடுக்கண் உற்றிருக்கையில், கிளியொன்றுக்கு இருட்டறையும் இளஞ்சூடும் தேடுவது வசதி படைத்தோரின் மென்மையன்றோ? மலையகத்தில் இக்கேள்வியைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. பங்களாவின் நாய்க்குக் கிடைத்த கவனிப்பு லயத்துக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அங்கு பல தலைமுறைகளாக நிலவியது. மனித உயிருக்கும் பறவையின் உயிருக்கும் இடையே ஒன்றையே காக்க இயலுமெனின் மனித உயிரே முதன்மை பெறும். ஆனால் அட்டைப் பெட்டியும் அமைதியும் எவர் வாயிலிருந்தும் எதனையும் பறிப்பதில்லை. அன்றியும், லயத்து மக்களின் கோரிக்கைக்கு அடிப்படையாயுள்ள நெறியும் இதுவே. மனிதரைப் பறவையோடு ஒப்பிடுதல் இங்கு கருத்தன்று. கடப்பாட்டின் வடிவமே ஒப்புநோக்கப்படுகின்றது. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டுப் பிறர் வகுத்த தோட்ட அமைப்பினுள் குடியமர்த்தப்பட்டோரின் நலம், துரைமாரின் தயவாகவே நெடுங்காலம் பேசப்பட்டது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் போன்றவை அத்தயவின் ஒரு பகுதியைச் சட்டக் கடமையாக்கின. 2017 மே மாதத்தில் டிக்கோயா கிளங்கனில் 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை திறக்கப்பட்டபோதும், அது கொடையா, நெடுநாட் கடனின் ஒரு பகுதியா என்று கேட்பதற்கு இடமிருந்தது. தயவு நிறுத்தப்படின் முறையிட வழியில்லை. கடன் நிலுவையில் இருப்பின் கேட்கலாம். கேட்க நாவுடையோர் அவ்வாறு கேட்டே தம் உரிமைகளைப் பெற்றனர்.

பறவைக்கு அத்தகைய நா இல்லை. 1907ஆம் ஆண்டின் விலங்குகளுக்குக் கொடுமை இழைத்தலைத் தடுக்கும் கட்டளைச் சட்டம், பெயருக்கேற்பக் கொடுமையைத் தடுப்பதையே நோக்காகக் கொண்டது. அக்கறையின்மை அனைத்தையும் அது எட்டாது. ஆதலின் இக்கடனை நினைவூட்டுவதற்குக் கடன்பட்டவரின் மனச்சான்றையன்றி வேறெவரும் இல்லை. தேறிய பறவை, தன்னைப் பெட்டியிலிட்ட கையைக் கண்டு சில நாள் அஞ்சி ஒதுங்கவும் கூடும். அருள் செய்ததாக எண்ணியவருக்கு அது நன்றியின்மையாகத் தோன்றும். கடன் இறுத்தவர் என உணர்ந்தவரோ அதனைப் பொருட்படுத்தாது, அடுத்த முறை கூட்டைத் திறக்குமுன் யன்னற் சீலையை இழுத்து மூடுவார்.