உப்பிடும் கையும் உண்ணும் கையும்

உயர் இரத்த அழுத்தமுடைய ஒருவரிடம், "உப்பைக் குறையுங்கள்" என்று கூறிவிட்டால் எமது கடமை தீர்ந்துவிடுமா?

கல்முனைக் கரையோரத்தில் தமிழர் வீட்டிலும் முஸ்லிம்கள் வீட்டிலும் கருவாட்டுக் கறி உண்டு. கிளினிக்கில் அறிவுரை கேட்டவர் ஒருவர். அடுப்படியில் உப்பிடுபவர் வேறொருவர். உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் உள்ளே. கருவாட்டின் உப்பும் அதில் அடங்கும் என்பதைச் சமைப்பவருக்கு யார் விளக்குவது?

இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசக் கிராமங்களில் சுகாதார ஊழியர்கள் வீடுதேடிச் சென்று அழுத்தம் அளந்து விளக்கமளித்த ஆய்வு 2020இல் வெளியானது. இரண்டாண்டில் அங்கு அழுத்தம், ஏனைய கிராமங்களைவிடச் சராசரியாக 5 அலகு கூடுதலாகக் குறைந்திருந்தது.

நோயாளியிடம் மட்டும் மனக்கட்டுப்பாட்டைக் கேட்பது நியாயமன்று என்பேன். எமது ஆலய அன்னதானக் கிடாரத்திலும் உப்பிடும் கை வேறு. பந்தியில் அமர்ந்த அடியார் கறியிலிருந்து உப்பைப் பிரித்தெடுத்து உண்ண முடியாது.