நல்ல பிரதி

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள கல்வெட்டுகளை ஒரு முறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் காஞ்சிபுரத்தில் பஸ் ஏறி அங்கே போய்ச் சேர்ந்தேன். கல்வெட்டின் வாசகத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் சுவரோடு ஒப்பிட்டுப் படிக்கலாமே என்று, பஸ் நிலையத்துக்கு அருகிலிருந்த ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தேன்.

கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதன்முன் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். வாசற்படியில் ஒரு கிழவி. பக்கத்துக் கிராமத்திலிருந்து சிட்டா நகல் எடுக்க வந்தவள்.

"சர்வர் கிடைக்கலே ஆயா. இன்னொரு நாள் வாயேன்" என்றான் அவன்.

"நேத்தும் இதைத்தானே சொன்னே, தம்பி? இன்னிக்கு இருந்தே வாங்கிக்கிட்டுப் போறேன்" என்று அவள் முந்தானையை உதறிப் போட்டுச் சாய்ந்துகொண்டாள்.

அவன் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "சர்வர் நல்லாத்தான் இருக்குது சார். முந்தாநாள் ராத்திரி விண்டோஸ் அப்டேட் ஓடிக்கிட்டிருந்தது. அணைக்காதேன்னு திரையிலேயே எழுதியிருந்தது. கடையைப் பூட்டுற அவசரத்துலே அணைச்சுட்டேன். அதிலேருந்து எழுந்திருக்க மாட்டேங்குது."

"இப்போது என்ன செய்யப் போகிறாய்?"

"ஆளைக் கூப்பிட்டா, எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போடணும்பாங்க. அதுக்கு முந்தி உள்ளே இருக்கிற மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம்னு இருக்கேன்."

'உள்ளே இருக்கிற மருந்து' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அந்த இயந்திரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அடுத்தடுத்து இரண்டு முறை எழ முயன்று விழுந்துவிட்டால், மூன்றாம் முறையும் அதே வழியில் முட்டிக்கொள்வதில்லை. தன்னிடம் பழுது இருப்பதை ஒப்புக்கொண்டு, பழுது பார்க்கும் இடத்துக்குத் தானே போய் நிற்கிறது. அங்கே சில வழிகளைக் காட்டுகிறது. இளைஞன் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். பாதியில் நின்ற புதுப்பிப்பை நீக்கச் சொன்னான். சற்று நேரத்தில் திரை வெளுத்தது. கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது.

ஆனால் எழுந்ததோடு வேலை முடியவில்லை. உள்ளே எந்தெந்தக் கோப்பு சிதைந்திருக்கிறதோ தெரியாது. அதைப் பார்க்க எஸ்.எஃப்.சி. என்றொரு கருவி இருக்கிறது. 1998-இல் வந்த விண்டோஸிலிருந்தே கூடவே வருவது. தன் முக்கியமான கோப்புகளுக்கெல்லாம் நல்ல பிரதி ஒன்றை இயந்திரம் ஒரு கிடங்கில் வைத்திருக்கிறது. கருவி ஒவ்வொரு கோப்பையும் ஆராய்ந்து, கெட்டதை எடுத்துவிட்டுக் கிடங்கிலிருக்கும் நல்லதை வைக்கிறது. மனிதனும் இப்படித்தானே திருந்துகிறான்? செய்த காரியத்தை மனச்சாட்சியோடு ஒத்துப் பார்க்கிறான்; பொருந்தாவிட்டால் வெட்கப்படுகிறான்; மாற்றிக்கொள்கிறான். நான் இப்படி எண்ணி மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே திரையில் ஒரு வரி வந்தது: பழுதுகள் அகப்பட்டன, ஆனால் சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை.

"ஏன் முடியவில்லை?" என்று கேட்டேன்.

"கிடங்குலே இருக்கிற பிரதியே கெட்டுப் போயிருக்குது சார்."

எனக்குச் சுருக்கென்றது. எந்த அளவுகோலை வைத்துத் தவற்றை அளக்கிறோமோ அந்த அளவுகோலே வளைந்துவிட்டால் என்ன செய்வது? கெட்டவன் திருந்துவதற்கு அவன் மனச்சாட்சி போதும் என்கிறோம். மனச்சாட்சியே பழுதானவன் எதைப் பார்த்துத் திருந்துவான்? பொய் சொல்லும்போது உறுத்தினால் கவலையில்லை. மருந்து இன்னும் உள்ளே இருக்கிறது. பொய் சொல்லியும் உறுத்தாத நாள் வருகிறதே, அப்போதுதான் பயப்பட வேண்டும்.

இளைஞன் கலங்கவில்லை. இன்னொரு கட்டளையைத் தட்டினான். டிஸ்ம் என்பது அதன் பெயர். கிடங்கையே சீர்செய்யும் இந்தக் கட்டளை 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது அதனுள் வந்து சேர்ந்தது. கிடங்கில் எது கெட்டிருக்கிறதென்று கண்டுபிடித்து, அதற்குரிய நல்ல பிரதியை அது வெளியிலிருந்து, இணையத்தின் வழியாகவோ வேறொரு நல்ல மூலத்திலிருந்தோ, வாங்கி நிரப்புகிறது. அவன் தன் கைபேசியின் இணையத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தான். நெடுநேரம் கழித்துக் கிடங்கு சீரானது. பிறகு முதல் கருவியை மறுபடி ஓட்டினான். இந்த முறை எல்லாம் சரியாயிற்று.

இதில் நான் கவனித்தது ஒன்று. வெளியிலிருந்து வந்தது நல்ல பிரதி மட்டுமே. அதை வாங்கிக்கொள்ளும் வழி உள்ளேதான் இருந்தது. திருத்தத்தை ஏற்கும் வாசல் அடைபட்டிருந்தால், உலகத்திலுள்ள நல்ல பிரதி எல்லாம் வந்து நின்றாலும் பயனில்லை.

2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி, பாதுகாப்புக்கென்று போட்டிருந்த ஒரு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பால் உலகமெங்கும் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நின்றுபோயின. விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரிகள் தவித்தன. அவற்றில் பலவற்றை, அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் நிலையில் ஒவ்வொன்றாக எழுப்பி, கெட்ட கோப்பை நீக்கித்தான் மீட்டார்கள். காவலுக்கு வந்ததே கேடாவது உண்டு. அப்போது அலங்காரங்களையெல்லாம் களைந்துவிட்டு, எது இல்லாவிட்டால் நாம் நாமாக இருக்க மாட்டோமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது.

"சர்வர் வந்துட்டுதா, தம்பி?" என்று கிழவி எழுந்து வந்தாள்.

இளைஞன் உடனே பதில் சொல்லவில்லை. சிட்டாவை அச்செடுத்து அவள் கையில் கொடுத்தான். பிறகு, "சர்வர் எங்கேயும் போகலே ஆயா. மிஷினைக் கெடுத்தது நான்தான். உன்கிட்டே பொய் சொல்லிட்டேன். காசு வேணாம்" என்றான்.

"கெட்டுப் போச்சுன்னு சொன்னா நான் என்ன அடிக்கவா போறேன்?" என்று சொல்லிக்கொண்டே அவள் சுருக்குப் பையை அவிழ்த்துக் காசை மேஜைமேல் வைத்தாள். "இது வேலைக்குக் கூலி. வாங்கிக்கோ. நேத்து வந்த பஸ் காசுதான் போச்சு."

அந்தக் கடைசி வார்த்தை அவனுக்கு வலித்திருக்க வேண்டும். காசை எடுக்காமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கோயிலுக்கு நடந்தேன். முதலாம் பராந்தக சோழனுடைய 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919-ஐ ஒட்டி, அந்த ஊர்ச் சபை தன் வாரியங்களுக்கு ஆள் எடுக்க ஒரு முறை வகுத்தது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். இரண்டே ஆண்டுகளில், 14-ஆம் ஆட்சியாண்டில், அதே சபை மறுபடி கூடி அந்த ஏற்பாட்டைத் திருத்தியது. முன்பு முப்பது முதல் அறுபது என்றிருந்த வயது வரம்பு முப்பத்தைந்து முதல் எழுபது என்றாயிற்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் குடத்துப் பக்கமே வரக்கூடாது என்றார்கள். ஓலையை வாங்குகிறவன் ஐந்து விரலும் விரியக் கையை நீட்டி உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று அதையும் எழுதி வைத்தார்கள். இரண்டு முறையும் அரசனின் ஆணைப்படி வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்து உடனிருந்தான். ஏற்பாட்டைச் செய்துகொண்டது சபை.

இதைப் பொற்காலம் என்று கொண்டாட நான் வரவில்லை. நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உள்ள அந்தண ஆடவருக்கே அந்தக் குடத்தில் ஓலை உண்டு. நிலத்தை உழுதவனுக்கு இல்லை. சிட்டா வாங்க வந்த அந்த ஆயாவுக்கும் இல்லை. ஓலையை வாங்கும் விரல்கள்வரை யோசித்தவர்களுக்கு இது ஒரு குறையாகத் தோன்றவில்லை. அவர்கள் ஒத்துப் பார்த்த பிரதியிலேயே அது இல்லை. ஆயிரம் ஆண்டு கழித்து, வேறொரு கிடங்கிலிருந்து அந்தத் திருத்தம் வந்தது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு இடமாவது பெண்களுக்கு உண்டு என்றது.

ஆயினும் அந்தச் சபையிடம் நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். இரண்டாவது ஏற்பாட்டைச் செய்தபோது அவர்கள் முதலாவதைச் சிதைத்து எறியவில்லை. இரண்டும் அந்தக் கோயிலிலேயே இருக்கின்றன. 'முன்பு இப்படிச் செய்தோம். பிறகு இப்படி மாற்றினோம்' என்பது கல்லில் நிற்கிறது. திருந்துகிறவர்களில் பெரும்பாலோர் பழையதை அழித்துவிட்டு, எப்போதும் இப்படியே இருந்தவர்போல நடந்துகொள்கிறோம். அது திருத்தமல்ல; இன்னொரு பொய்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். நான்காம் அத்தியாயத்தில் இறந்துபோன ஒருவன் இருபதாம் அத்தியாயத்தில் கல்யாணப் பந்தலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தான். வாசகர் ஒருவர் கேட்டு எழுதினார். 'அச்சில் பெயர் மாறிவிட்டது' என்று பதில் போட்டேன். பிழை திருத்தும் பெரியவர் ஒருவர் அதற்காக ஆசிரியரிடம் வசவு வாங்கினார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கதையை நான் கூட்டங்களில் வேடிக்கையாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே நம்பிவிட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் பரணைச் சுத்தம் செய்தபோது கையெழுத்துப் பிரதி அகப்பட்டது. அந்தப் பெயர் அதில் என் கையெழுத்திலேயே இருந்தது. கட்டை மறுபடி கட்டிப் பரணில் போட்டேன்.

கம்ப்யூட்டர் இரண்டு முறை விழுந்ததும் ஒப்புக்கொள்கிறது. அந்தக் கடைக்காரப் பையன் ஒரே நாளில் ஒப்புக்கொண்டான். எனக்கு முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. என்னிடம் கற்சுவர் இல்லை. இந்தப் பக்கம்தான் இருக்கிறது. அந்தப் பெயரைத் தவறாக எழுதியவன் நான். பிழை திருத்திய பெரியவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.