ஒன்பதரைச் சுற்று நூல்

தை வளர்பிறை. கொங்கு ஊர்களில் தைப்பூசத்தை ஒட்டி நிலாச்சோறு எடுக்கும் நாட்கள். பெண் பிள்ளைகள் வீட்டுக்கொரு சோறு கொண்டுவந்து, நிலா வெளிச்சத்தில் கும்மி கொட்டிப் பகிர்ந்து உண்பார்கள். சேவூரில் எங்கள் மொட்டை மாடிக்கும் சில பிள்ளைகள் வருகிறார்கள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து அம்மா திரும்பும்வரை அவர்களுக்கு வானம்தான் துணை.

*

“நிலாவுல பாட்டி வடை சுடறாங்கன்னு அம்மிச்சி சொன்னாங்க. பொய்யுங்களா?” என்று கேட்டாள் ஒரு சிறுமி.

பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கதையைக் கேட்டதால்தானே நிலாவின் கறையை இவள் உற்றுப் பார்த்தாள்? பாட்டி உட்கார்ந்திருக்கும் இடம், முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு எரிமலைக் குழம்பு பரவி இறுகிய சமவெளி என்றேன்.

“அப்ப அடுப்பு எரிஞ்சது நெசந்தானுங்க” என்றாள்.

*

கோனில் மிஞ்சிய நூல் இந்த ஊரில் எந்த வீட்டிலும் கிடைக்கும். கிரிக்கெட் பந்து அளவுள்ள ரப்பர் பந்து பூமி. பெரிய கோலிக்குண்டு நிலா. எவ்வளவு தள்ளி வைப்பீர்கள் என்றேன். ஒரு சாண் தள்ளி வைத்தார்கள். பந்தின் இடுப்பில் நூலை ஒன்பதரைச் சுற்று சுற்றி, பிரித்து நீட்டச் சொன்னேன். இரண்டு மீட்டரைத் தாண்டியது. அந்த நுனியில்தான் நிலா. உண்மையில் அந்தத் தூரம் சராசரியாக 3,84,400 கிலோமீட்டர். நூல் நுனியைப் பிடித்திருந்த பையன் நெடுநேரம் பேசவில்லை. எண்ணை மட்டும் சொல்லியிருந்தால் அந்த மௌனம் வந்திருக்காது.

*

பாட்டி ஏன் முதுகைக் காட்டுவதே இல்லை? நடுவில் ஒரு செம்பை வைத்து, கும்மியடிக்கும்போது சுற்றுவதுபோல், ஒருத்தியிடம் செம்பைப் பார்த்தபடியே சுற்றி வரச் சொன்னேன். முடித்ததும், எந்தெந்தத் திசையைப் பார்த்தாய் என்றேன். நாலு திசையையும் பார்த்திருந்தாள். செம்பைச் சுற்றியபோதே தன்னையும் ஒருமுறை சுற்றிக்கொண்டது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நிலாவும் அப்படியே. 27.3 நாளில் பூமியை ஒரு சுற்று, தன்னையும் ஒரு சுற்று. அதன் முதுகை மனிதர்கள் முதன்முதலாகப் பார்த்தது 1959இல், சோவியத்தின் லூனா 3 அனுப்பிய படங்களில். அதுவரை எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் அந்தக் கும்மியை ஆடியிருப்பார்கள்!

*

பொள்ளாச்சி பக்கம் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22 அன்று புறப்பட்டது. அதிலிருந்து பிரிந்த சிறு கலம் நிலாவைத் தொட்டது நவம்பர் 14, குழந்தைகள் நாளில். கோதவாடியிலும் இதே நிலாதான் என்றேன். பிள்ளைகள் மறுபடி அண்ணாந்து பார்த்தார்கள்.

*

கீழே கம்பெனி வண்டியின் ஹாரன். நூலைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள் அந்தச் சிறுமி. இனி அம்மாவுக்கு அவள்தான் வாத்தியார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் பாட்டி கதையை முதலில் சொல்லுங்கள். பிள்ளை கேள்வி கேட்கும் நாளில் நூலைக் கையில் கொடுங்கள்.