முற்றம் யாருக்குச் சொந்தம்?



புரட்டாசி பிறந்துவிட்டது. இன்னும் ஒரு மாதத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். நம் நூம்பலில் புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. வீட்டு வேலை முடிந்ததும், வாசற்படியிலிருந்து மதில் வரை சிமெண்டு பூசிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. “என் பணம், என் மனை, யாருக்கென்ன நஷ்டம்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வியாகவே தோன்றும். சற்று யோசிப்போம்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் வேறொரு பங்கில் இருந்தபோது, முற்றம் சேறாகிறது, புல் மண்டிப் பாம்பு வருகிறது என்று, குருமனையைச் சுற்றி முழுவதும் சிமெண்டுத் தளம் போடச் செய்தேன். எல்லாரும் மெச்சினார்கள். அந்த ஐப்பசி அடைமழையில், எங்கள் முற்றத்துத் தண்ணீர் அத்தனையும் பின்புறத்துத் தாழ்ந்த சந்தில் இறங்கிவிட்டது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். ஒரு மூதாட்டி அரிசிப் பானையைக் கட்டிலின்மேல் ஏற்றி வைத்து, தாமும் அதன் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். “இத்தனை வருஷத்தில் இப்படி வந்ததில்லையே, சாமி!” என்றார். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

கணக்குப் பாருங்கள். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதன்மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், சுமார் 22,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. ஏறக்குறைய இரண்டு லாரித் தண்ணீர். மண் திறந்திருந்தால் அதில் ஒரு பங்கைக் குடித்துக்கொள்ளும். மூடியிருந்தால் எல்லாம் தெருவுக்கும், தெருவிலிருந்து தாழ்ந்த வீட்டுக்கும் போகும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்து திறந்துவிடப்பட, அடையாற்றங்கரை மூழ்கியது. 2019 கோடையில் அதே ஏரி வறண்டு, ஜனங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். ஒரு முற்றம் பெருவெள்ளத்தைத் தடுத்துவிடாது, மெய்தான். ஆனால் பல முற்றங்கள் சேர்ந்ததுதானே ஊர்?

13-ம் நூற்றாண்டிலேயே அர்ச். தோமாஸ் அக்வினாஸ் இதற்கு வழி காட்டினார். பொருளைச் சொந்தமாக வைத்துப் பராமரிப்பது நியாயமே. அனுபவிக்கும்போதோ அதைப் பொதுவானதாக எண்ணி, பிறர் தேவைக்கு உதவ மனமுள்ளவர்களாயிருக்க வேண்டும் என்பது அவருடைய போதனையின் சாரம். பத்திரம் நிலத்துக்குத்தான் எல்லை போடும், தண்ணீருக்குப் போடாது.

“நான் தீங்கு நினைக்கவில்லையே” என்பீர்கள். அறியாமை குற்றத்தைக் குறைக்கும். ஆனால் அறியக்கூடியதை அறிய முயலாத அறியாமைக்கு அந்தச் சலுகை இல்லை. அந்த மூதாட்டியைப் பார்க்கும் வரையில் எனக்கும் ஒரு சாக்கு இருந்தது. அதற்குப் பின் இல்லை. தளத்தில் பாதியை உடைத்து மண்ணைத் திறந்துவிட்டேன்.

மறுபக்கமும் உண்டு. தள்ளாத பெரியவர்களுக்குச் சேறில்லாத பாதை வேண்டும். வண்டி நிறுத்த இடம் வேண்டும். அதற்கு வேண்டிய மட்டும் தளம் போடுவது குற்றமல்ல. அதேபோல், மண்ணைத் திறந்துவைத்தவரெல்லாம் நீதிமான் என்றும் இல்லை. அண்டை வீட்டார் தண்ணீருக்கு அலையும் கோடையில், பசும்புல் தரைக்காகக் குழாயைத் திறந்துவிடுவதும் அநீதியே.

ஆகவே இந்த மாதமே மழைநீர்க் குழியைத் தூர் வாருங்கள். 2003-ல் அரசாங்கம் கட்டாயமாக்கியபோது தோண்டி, பிறகு மறந்துபோன குழிகள் எத்தனையோ! மரத்தடியைச் சுற்றியுள்ள சிமெண்டைப் பெயர்த்துவிடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களை நினைத்து, பட்ட கிளைகளை இப்போதே கழித்துவிடுங்கள். மழைநாளில் பூந்தொட்டித் தட்டுகளில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். கொசு பக்கத்து வீட்டுக்கும் போகும். தை முதல் உதிரும் சருகை எரிக்காமல் செடியடியில் பரப்பினால், கத்திரி வெயிலிலும் ஈரம் நிற்கும். புல்தரை வேண்டுமானால் நம் அருகம்புல்லே போதும். அரிசியும் காய்கறியும் கழுவிய தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றுங்கள்.

இரவில் ஆத்தும சோதனை செய்யும்போது, நம் வீட்டுக்குள் நடந்ததையே எண்ணிப் பார்க்கிறோம். இந்த வருஷம் முதல் மழையன்று குடை பிடித்து வாசலில் நின்று, உங்கள் முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பாருங்கள். அந்தப் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

உங்கள் பங்குக் குரு